டொமைனை மாற்றும் முன் புதிய ஹோஸ்டிங்கில் தளம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது எப்படி?

புதுச்சேரியில் உள்ள உங்கள் விடுதியின் வேர்ட்பிரஸ் தளத்தைப் புதிய ஹோஸ்டிங்கில் ஏற்றிவிட்டீர்கள். சோதித்துப் பார்க்க அவர்கள் கொடுத்த தற்காலிக முகவரி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கடலூரில் இருந்துகொண்டு இதுபோன்ற சிறு விடுதிகளுக்கும் கடைகளுக்கும் தளம் பார்த்துக் கொடுக்கிறவன் நான். தளத்தை அதன் சொந்தப் பெயரில்தான் சோதிக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் தன் முகவரியை டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும். தற்காலிக முகவரியில் போய் ஏதாவது ஒரு இணைப்பைத் தட்டினால், சத்தமில்லாமல் பழைய சர்வருக்கே கொண்டுபோய் விட்டுவிடும். படங்களும் அங்கிருந்தே வரலாம். எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். பார்த்ததோ பழைய தளம்.

இதற்கு வழி உங்கள் கணினியில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. டொமைன் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் இணைய முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கணினி இதைத்தான் பார்க்கும். விண்டோஸ் என்றால் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதில் அங்கிருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேருங்கள்: புதிய சர்வரின் ஐபி எண், இடைவெளி விட்டு டொமைன் பெயர், மறுபடி இடைவெளி விட்டு மூன்று டபிள்யூ சேர்த்த அதே பெயர். சேமித்துவிட்டு பிரவுசரை மூடித் திறந்தால் உங்களுக்கு மட்டும் புதிய தளம் வரும், ஊருக்கெல்லாம் பழையதுதான். சந்தேகம் இருந்தால் புதிய சர்வரில் மட்டும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பைப் போட்டு, அதைத் திறந்து பாருங்கள்.

தளம் பாதுகாப்பானது என்று காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் பற்றி பிரவுசர் எச்சரிக்கை காட்டினால் பயப்பட வேண்டாம். இலவசச் சான்றிதழ்கள் பெரும்பாலும் டொமைன் புதிய சர்வரைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் கிடைக்கும். பழைய சர்வரில் உள்ள சான்றிதழையும் அதன் சாவியையும் நகலெடுத்துப் போட்டால் சோதனைக்குப் போதும்.

பொறுமையாகப் பார்க்க வேண்டியது தமிழ்ப் பக்கங்களை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். டேட்டாபேஸை இறக்கி ஏற்றும்போது அதை லத்தீன்-1 என்ற பழைய ஒரு பைட் முறை என்று எடுத்துக்கொண்டால் மூன்றும் தனித்தனி எழுத்தாகிவிடும். ‘அறை வாடகை’ என்று இருந்த இடத்தில், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வரிசைகட்டி நிற்கும். பார்க்க பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால்தான் மோசம். அங்கே எழுத்தே போய்விட்டது, பழைய சர்வரிலிருந்து மறுபடி இறக்க வேண்டியதுதான். உங்கள் பிரெஞ்சுப் பக்கத்திலும் குறி போட்ட எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கிலப் பக்கத்தில் இந்தக் கோளாறு அநேகமாகத் தெரியவே தெரியாது. ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்து ‘ஓகே’ சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அப்புறம் முன்பதிவுப் படிவம். ஒரு பதிவு போட்டு, மெயில் இன்பாக்ஸுக்கு வருகிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய ஐபி மட்டும் இருந்தால் ஸ்பாமுக்குப் போகலாம். பணம் கட்டும் பகுதியை இந்த வழியில் முழுதாகச் சோதிக்க முடியாது. பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது; பணம் வந்த தகவலைப் பழைய சர்வருக்கே அனுப்பும்.

எல்லாம் சரி என்றால் மாற்றலாம். டொமைன் பதிவை வேறு நிறுவனத்துக்கு டிரான்ஸ்ஃபர் செய்ய வேண்டிய தேவையே இல்லை, டிஎன்எஸ்ஸில் டொமைனுக்கான ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். இந்தப் பதிவுகளையெல்லாம் வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால் மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவுகளை அங்கே மறுபடி போட வேண்டும். பழைய பதிவை மற்றவர்கள் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 14400 என்று இருந்தால் ஒரு நாள் முன்பே 300 ஆக்கிவிடுங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். சென்னை, பெங்களூரு கூட்டம் பதிவு செய்யும் நேரம் அது. செவ்வாய் இரவு போதும். மாற்றம் எல்லோருக்கும் போய்ச் சேரும் சில மணி நேரம் பழைய தளத்தில் படிவத்தை மூடி, தொலைபேசி எண்ணை மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பதிவுகள் பழைய டேட்டாபேஸிலேயே தங்கிவிடும்.

மாற்றியதும் ஹோஸ்ட்ஸில் சேர்த்த வரியை நீக்கிவிட்டு, வைஃபையை அணைத்து ஜியோ சிம்மிலும் பாருங்கள். ஜியோவில் புதிய வகை ஐபி எண்ணான ஐபிவி6 புழக்கம் அதிகம். பழைய சர்வரைக் காட்டும், ஐபிவி6-க்கான ‘நாலு ஏ’ (AAAA) ரெக்கார்டு ஏதாவது மிச்சமிருந்தால், அந்த வாடிக்கையாளர்கள் மட்டும் பழைய தளத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள்.