பங்குனியில் கோடியக்கரை: ஊர் திரும்பும் பறவைகள் (கேள்வி பதில்)

வலசைப் பறவைகளை மார்கழி, தையில்தானே பார்க்க வேண்டும்? பங்குனியில் போனால் என்ன இருக்கும்?

எண்ணிக்கைக்குத் தை நல்லது. எனக்குப் பிடித்தது பங்குனி. வளைமூக்கு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். பங்குனி பிறந்ததும் நெஞ்சும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். சைபீரியாவின் வடகோடியில் இணைசேர்வதற்கான கோலம் அது. பாதி சாம்பல், பாதி சிவப்பாக ஒன்று நின்றால் பயணத்துக்குத் தயாராகிறது என்று அர்த்தம்.

படம் எடுக்கக் கொஞ்சம் கிட்டே போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். இப்போது அவை சேற்றைக் குத்திக் குத்தித் தின்பதெல்லாம் வழிச்செலவுக்கான கொழுப்பு. நாம் ஒரு தடவை கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் அதில் கொஞ்சம் வீணாகிறது; தின்னும் நேரமும் போகிறது. உப்பளக் கரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். அசையாமல் இருந்தால் சில சமயம் அவையே மேய்ந்துகொண்டு நம் பக்கம் வரும். அவை தலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும், அதற்கு மேல் நாம் நகரக் கூடாது.

காட்டுப் பாதையில் எதைத் தேடுவது?

விடிவதற்கு முன்பே போய், சருகு புரளும் சத்தத்தைக் கேளுங்கள். ஆறுமணிக்குருவி தரையில் சருகைக் கிளறித்தான் இரை தேடும். காலையும் மாலையும் அந்த நேரத்தில் கூவுவதால் வந்த பெயர். கோடையில் வடக்கே, இமயமலை அடிவாரம் வரை போய்க் கூடு கட்டும். கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள்.

அதே குருவி எங்கள் வீட்டுக்குள் வந்து மயங்கி விழுந்தது. என்ன செய்வது?

இரவில் பயணம் செய்யும்போது இப்படி நடப்பதுண்டு. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். தெளிந்ததும் மரநிழலில் திறந்துவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வைகாசியிலும் சில உள்ளான்கள் இருக்கின்றனவே, நோயா?

பெரும்பாலும் இல்லை. முந்தைய ஆண்டு பிறந்த இளம் பறவைகள் பல, முதல் கோடையை இங்கேயே கழித்துவிடும்.

காலில் வளையம் மாட்டிய பறவையைப் பார்த்தேன்.

நல்ல கண்! பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகக் கோடியக்கரையில் வளையமிட்டு வருகிறது. எந்தக் கால், என்ன நிறம், எழுத்து ஏதாவது தெரிந்ததா, தேதி, இடம் எல்லாவற்றையும் குறித்து அவர்களுக்கு அனுப்புங்கள். படம் மங்கலாக இருந்தாலும் சேர்த்தே அனுப்புங்கள்.