"அவோரித்தா" என்ற ஸ்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

அகராதி 'ரைட் நவ்' என்று சொல்கிறது, மெக்சிகோ தொடர்களில் அது பொருந்தவே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

சப்டைட்டில் எழுத வந்த புதிதில் நானும் இந்தச் சொல்லில்தான் சறுக்கினேன். சாப்பாட்டுக் காட்சி. அத்தை "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்கிறார். பையன் "அவோரித்தா" என்கிறான். 'ரைட் நவ்' என்று எழுதிவிட்டேன். "அப்புறம் ஏன் சாப்பிடாமல் எழுந்து போகிறான்?" என்று கேட்டார் சரிபார்த்தவர். அவன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராதபோது மெக்சிகோவில் இப்படிச் சொல்வது வழக்கம். 'மேபி லேட்டர்' என்று மாற்றினேன்.

'அவோரா' என்றால் இப்போது. அதன் குறுமை வடிவம் அவோரித்தா. நான் முதலில் பார்ப்பது கூடவே வரும் வினைச்சொல்லை. "அவோரித்தா யெகோ" என்றால் வந்து சேர்ந்தாயிற்று, இறந்தகாலம், அதனால் 'ஜஸ்ட் நவ்'. "அவோரித்தா எஸ்தோய் கோமியெந்தோ" என்றால் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே 'ரைட் நவ்' சரி. "அவோரித்தா வோய்" நம்முடைய "இதோ வரேன்" மாதிரி. ஐந்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். 'இன் எ பிட்' என்று போடுவேன். வினையே இல்லாமல் தனியாக வந்தால் காட்சியைத்தான் நம்ப வேண்டும். பேசுபவரின் ஊரும் முக்கியம்: புவெர்த்தோ ரிக்கோ, தொமினிக்கன் குடியரசில் இதே சொல்லுக்குப் பெரும்பாலும் 'லேட்டர்' என்றே பொருள்.

இதைவிடக் கஷ்டம் அப்பாவும் அம்மாவும். 'பாத்ரே' என்றால் அப்பா, பாதிரியாரும்கூட. (நம் 'பாதிரி' போர்த்துகீசிய வழியாக வந்த இதே சொல்தான்.) ஆனால் மெக்சிகோவில் "கே பாத்ரே!" என்றால் 'ஹவ் கூல்!'. 'மாத்ரே' அம்மா, அது வரும் தொடர்களில் பல கொச்சையானவை. "மே வாலே மாத்ரே" என்றால் எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை என்று எரிச்சலோடு சொல்வது. 'ஐ டோன்ட் கேர்' என்று எழுதினால் பொருள் வரும், சூடு வராது. 'ஐ டோன்ட் கிவ் எ டேம்' அளவுக்காவது போக வேண்டும். திட்டுகிற பாத்திரத்தை நாம் நாகரிகமாக்கிவிட்டால் பார்ப்பவருக்கு வேறொரு ஆளைக் காட்டுகிறோம். அது எனக்குப் பிடிக்காது.

"கே போக்கா மாத்ரே" என்றால் எவ்வளவு வெட்கங்கெட்டதனம் என்று ஏசுவது. "எஸ்தா தே போக்கா மாத்ரே" என்றால் அட்டகாசமாக இருக்கிறது. நடுவில் வரும் அந்தத் 'தே' காதில் விழாவிட்டால் பாராட்டை வசையாக எழுதிவிடுவீர்கள். சந்தேகம் வந்தால் நான் ஒலியை மட்டும் இரண்டு முறை திருப்பிக் கேட்பேன்.