கொள்ளையர் பிடித்த கப்பலைக் கடற்படை எப்படி மீட்கும்?

தம்பி சரக்குக் கப்பலில் சேரப்போகிறான், கொள்ளையர் பிடித்தால் யார் மீட்பார்கள் என்று உசிலம்பட்டியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நானும் மதுரைப்பக்கம்தான்; கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன்.

கொள்ளையர் ஏறினால் மாலுமிகள் எல்லோரும் ‘சிட்டடல்’ என்ற உள்ளறைக்குள் போய் இரும்புக் கதவைத் தாழிட வேண்டும். தண்ணீர், பிஸ்கட், சாட்டிலைட் போன் அங்கே தயாராக இருக்கும். ஒருவர்கூட வெளியே சிக்கவில்லை என்று தெரிந்தால்தான் கமாண்டோக்கள் தயங்காமல் ஏற முடியும். 2024 ஜனவரியில் லீலா நார்ஃபோக் கப்பலின் 21 பேரும் இப்படித்தான் பிழைத்தார்கள்.

பிணையாகச் சிக்கிவிட்டால் பொறுமைதான் வழி. அதே ஆண்டு மார்ச்சில், கொள்ளையர் பிடித்து வைத்திருந்த ரூயென் கப்பலை இந்தியப் போர்க்கப்பல் ஐஎன்எஸ் கொல்கத்தா மடக்கி நிறுத்தியது. நம் கடற்படையின் கமாண்டோக்களான மார்கோஸ் வீரர்கள் விமானத்திலிருந்து குதித்தார்கள். மீட்பு முடிய சுமார் 40 மணி நேரம் ஆனது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகளும் காயமின்றி மீண்டார்கள்.

அப்புறம், சிட்டடல் ஒத்திகை வைத்தால் ஒன்றைக்கூடத் தவறவிடாதே என்று தம்பியிடம் சொல்லுங்கள்.