மாணவருக்குச் சமூக சேவை கட்டாயமாக வேண்டுமா?

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கும் என் அண்ணாவின் மகள், நாற்பது மணித்தியாலம் சமூக சேவை செய்தால்தான் தனக்கு உயர்பாடசாலைச் சான்றிதழ் கிடைக்கும் என்கிறாள். இங்கே உயர்தரம் படிக்கும் என் மகனின் பாடசாலையில், வருடத்தில் ஒரு நாள் சிரமதானம் என்று புல் வெட்டிப் படம் எடுப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கும் அப்படியொரு கட்டாயம் வேண்டுமா? டியூசனுக்கே நேரம் போதாத பிள்ளைமீது இதையும் சுமத்துவது நியாயமா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மருமகள் சொல்வது சரியே. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1999ஆம் ஆண்டு முதல் இந்த 40 மணித்தியால விதி இருந்து வருகிறது. வேலைக்குச் சம்பளம் வாங்கக் கூடாது, எங்கே சேவை செய்வதென்பதைப் பிள்ளையும் பெற்றோருமே பெரும்பாலும் தீர்மானிப்பார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 75 மணித்தியாலம் கேட்கிறார்கள். ஆனால் வேலைக்கு முன் அதைப் பற்றிக் கற்பதும், முடிந்த பின் என்ன கண்டோம் என்று சிந்திப்பதும் அந்தக் கணக்கிலேயே சேரும். நமக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

டெங்கு நுளம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிடுவது பரலிலும் பூச்சாடித் தட்டிலும் சிரட்டையிலும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடுவதில்லை. காய்ந்த நிலையிலேயே பல மாதம் கிடந்து, அடுத்த மழைத்தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். பொரித்த குடம்பி ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பாகிப் பறந்துவிடும். ஆகவே ஒரு நாள் சிரமதானத்தால் இங்கே பெரிய பயன் இல்லை. வாடைக்காற்று மழை தொடங்கும் ஐப்பசி முதல் தை வரை, நான்கைந்து மாணவர்கள் தங்கள் தெருவின் பத்து வளவுகளுக்கு வாரந்தோறும் போய், பரலின் உட்புறத்தைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, எந்த வீட்டில் எதில் குடம்பி கண்டோம் என்று ஒரு கொப்பியில் குறித்துவந்தால், மூன்றாவது வாரத்திலேயே அந்தக் கொப்பி அவர்களுக்கு உயிரியல் பாடம் ஆகிவிடும். தனியாக இருக்கும் ஆச்சி ஒருத்தி, பரலைக் கவிழ்க்கத் தன் கையில் பலமில்லை என்று சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கு, அந்தத் தண்ணீர் ஏன் அத்தனை நாள் அப்படியே நின்றது என்பது விளங்கும். புத்தகத்தில் அது இல்லை.

நம் பிள்ளைகளுக்கு மனம் இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர இளையோர் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் முகாம்களில் சமைத்தார்கள், சுமந்தார்கள், காணாமற்போனவர்களைத் தேடினார்கள். சாதாரண நாட்களில் அந்த மனத்துக்கு வழிவிடும் ஏற்பாடுதான் பாடசாலைகளில் இல்லை.

ஆகவே கட்டாயம் முதலில் பாடசாலைக்கே வரட்டும்: நேரசூசியில் வாரம் ஒரு மணித்தியாலம், பொறுப்புக்கு ஓர் ஆசிரியர், பெற்றோரின் எழுத்துமூல சம்மதம். வெறும் மணித்தியாலத்தை மட்டும் எண்ணினால், கையெழுத்துக்கு அலைவதும் பொய்க்கணக்கு எழுதுவதுமே பிள்ளைகளுக்குப் பழகும். அரசியல் கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவதையும் அதிகாரிகளை வரவேற்க வெயிலில் வரிசையாக நிற்பதையும் சேவை என்று எழுத இடம் கொடுக்கக் கூடாது.

நேரம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. உயர்தரத்தின் இரண்டாம் வருடத்தில் இதைத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். தரம் பத்திலும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் பெரும்பகுதியை முடித்துவிடலாம். உங்கள் மகன் இப்போது முதலாம் வருடமென்றால், அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த ஒரு மணித்தியாலத்தை நீங்களே கேளுங்கள். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வளவுப் பரலையும் பக்கத்து வளவுப் பரலையும் அவனிடம் விட்டுப் பாருங்கள்.