கன்பெய்யின் ஐம்பது ரியோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘சூஷிங்குரா’ என்ற ஜப்பானிய நாடகத்தின் கபுகி (மரபு மேடை நாடகம்) பதிவு ஒன்றை இணையத்தில் பார்த்தேன். முழுவதும் அல்ல, பிரபு தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் நான்காம் அங்கமும், அவனுடைய சாமுராய் வீரர்கள் நாற்பத்தேழு பேர் போய்ப் பழிதீர்க்கும் கடைசி அங்கமும் மட்டும். நடிப்பு பிரமிக்க வைத்தது. ஆனால் மனம் ஒட்டவில்லை. கோபத்தை அடக்கத் தெரியாத ஒரு பிரபு வாளை உருவுகிறான். அதற்காக இத்தனை பேர் சாக வேண்டுமா? அடிமைப் புத்தியைக் கொண்டாடும் நாடகமாகவே எனக்குப் பட்டது. நீங்களோ இதை மகத்தான நாடகம் என்று எழுதியிருந்தீர்கள். எப்படி?

ம.

அன்புள்ள ம.,

இந்தக் கேள்வியை ஜப்பானியர்களே அப்போது கேட்டிருக்கிறார்கள். 1701இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் அக்கோ பிரபு அசானோ, கிரா என்ற அதிகாரியை வெட்டிக் காயப்படுத்தினார். அன்றே அவருக்கு மரண உத்தரவு. தலைவனை இழந்த சாமுராய்கள் ஒயிஷியின் தலைமையில் காத்திருந்து, ஜப்பானிய நாட்காட்டிப்படி அடுத்த ஆண்டின் கடைசி மாதத்தில் கிராவின் வீட்டுக்குள் புகுந்து அவர் தலையை எடுத்தார்கள். 1703இல் அவர்களுக்கும் அதே தண்டனை. சாதோ நவோகாட்டா என்ற கன்ஃபூசிய அறிஞர் அவர்களைப் போற்ற மறுத்தார். அசானோவைத் தண்டித்தது அரசு. கிராவைப் பழிவாங்க என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நிர்வாகமும் இந்த நாடகத்தைத் தடுத்து வைத்தது. 1947 நவம்பரில்தான் மறுபடி மேடையேறியது.

ஆனால் நீங்கள் பார்த்த இரண்டும் பிரபுவும் வீரர்களும் வருகிற பகுதிகள். மொத்தம் பதினோரு அங்கங்கள். 1748இல் ஒசாகாவின் தகேமோட்டோ அரங்கில் பொம்மலாட்டமாகத்தான் இது முதலில் வந்தது. மூன்று பேர் சேர்ந்து எழுதியது. சமகால சாமுராய் விவகாரங்களை மேடையேற்றத் தடை இருந்ததால் கதையைப் பதினான்காம் நூற்றாண்டுக்குத் தள்ளிப் பெயர்களையும் மாற்றினார்கள். ஒசாகா வணிகர்களின் ஊர். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களில் கடைக்காரர்களும் கைத்தொழில்காரர்களும் நிறைய. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. எதற்கும் விலை கேட்டுப் பழகிய அந்த மனிதர்கள் முன்னால்தான் ஆறாம் அங்கம் நடந்தது.

பிரபு வாளை உருவிய நேரத்தில் அவருடைய ஆள் கன்பெய் தன் காதலி ஒகாருவோடு ஒதுங்கியிருந்தான். அந்த அவமானத்தோடு அவள் பெற்றோரின் கிராமத்துக்குப் போய் வேட்டைக்காரனாகப் பிழைக்கிறான். பழிதீர்க்கும் கூட்டத்தில் சேரப் பணம் வேண்டும். ஒகாருவை கியோட்டோவில் ஒரு கேளிக்கை விடுதிக்கு நூறு ரியோவுக்கு (ரியோ அக்காலத்துப் பொற்காசு) விற்கிறார்கள். பாதிப் பணம் ஐம்பது ரியோவோடு அவள் அப்பா இருட்டில் வீடு திரும்புகிறார். சடகுரோ என்ற கொள்ளைக்காரன் அவரைக் கொன்று பணத்தை எடுக்கிறான். காட்டுப்பன்றி என்று நினைத்து கன்பெய் சுட்ட குண்டு சடகுரோ மேல் பாய்கிறது. யாரென்றே தெரியாமல் கன்பெய் அந்தப் பணப்பையை எடுத்துக்கொண்டு போகிறான்.

மறுநாள் மாமனாரின் பிணத்தை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். தான்தான் கொன்றுவிட்டோம் என்று நம்பி, வந்திருந்த தோழர்கள் முன்னிலையில் கன்பெய் வயிற்றில் கத்தியைச் செருகுகிறான். அப்புறம்தான் ஒருவர் பிணத்தைப் புரட்டிப் பார்க்கிறார். காயம் துப்பாக்கியால் வந்ததல்ல, வாளால் வந்தது. உண்மையில் மாமனாரைக் கொன்றவனைத்தான் கன்பெய் சுட்டிருக்கிறான். செத்துக்கொண்டிருப்பவனின் இரத்தத்தால் பட்டியலில் முத்திரை வைத்து அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கணவனும் மகளும் மருமகனும் போய், அந்தக் குடிசையில் கிழவி மட்டும் மிஞ்சுகிறாள். இதைப் பார்த்துவிட்டு விசுவாசம் இனிப்பானது என்று யாராலும் எழுந்து போக முடியாது.

ஒன்பதாம் அங்கத்தில் ஹோன்சோ வருகிறார். பிரபு வாளை வீசியபோது பின்னாலிருந்து பிடித்துத் தடுத்தவர் அவர்தான். எதிராளி சாகாவிட்டால் பிரபுவின் உயிர் தப்பும் என்று நினைத்தார். நியாயமான நினைப்புதானே? நானாக இருந்தாலும் தடுத்திருப்பேன். அவர் மகளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையோ அந்த வீரர்களின் தலைவருடைய மகன். தடுத்ததற்கு ஈடாகத் தன் உயிரைக் கொடுத்துத்தான் மகளின் கல்யாணத்தை நடத்திவைக்கிறார்.

ஆசிரியர்கள் விசுவாசத்தை நம்பினார்கள், அதில் சந்தேகமில்லை. நாற்பத்தேழு பேரைக் குறைத்துக் காட்ட அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் வாளே பிடிக்காத எத்தனை பேரின் தலையில் அது விடிந்தது என்பதையும் மறைக்காமல், அதற்கே நாடகத்தின் மிகச் சிறந்த பகுதிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். என் மதிப்புக்குக் காரணம் அதுதான்.

ஆறாம் அங்கத்தைப் பாருங்கள், முடிந்தால் பொம்மலாட்டத்தில். ஒரு பொம்மையை மூன்று பேர் இயக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். பிறகு ஏழாம் அங்கம். அப்பாவும் கணவனும் இறந்ததே தெரியாமல் ஒகாரு அந்த விடுதியில் இருக்கிறாள். அவளிடம் அதைச் சொல்ல வேண்டியவன் அவளுடைய அண்ணன். அவனும் அந்தக் கூட்டத்தில் சேரத் துடிப்பவன்.