அம்மாவுக்கு நாலு சொல்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 61 வயது. பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். தை மாதம் மாரடைப்பு வந்து, இதயக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்தார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிற கோபக்காரர். அந்தக் கோபம்தான் இதயத்தைக் கெடுத்ததா? இந்த வயதில் குணத்தை மாற்ற முடியுமா? இப்போது நாங்கள் எல்லோரும் அவர் மனம் கோணாமல் நடக்கிறோம். அம்மா பாவம், வாயே திறப்பதில்லை. தியானம், தேங்காய் எண்ணெய் பற்றியும் சொல்லுங்கள்.

வாசகன், தெஹிவளை

அன்புள்ள தம்பி,

தியானம் செய்யட்டும், கெடுதல் இல்லை. எண்ணெயை டொக்டரிடம் கேளுங்கள்.

கோபத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு. கோபம் ஏறும்போது அட்ரினலின் பாயும், இரத்த அழுத்தம் எகிறும், இரத்தம் உறையும் தன்மை கூடும். இரத்தக் குழாயில் ஏற்கெனவே படிந்திருந்த கொழுப்பு அந்த நேரம் பார்த்து உடைந்து அடைத்துவிடலாம். 1950களில் சான்பிரான்சிஸ்கோவில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய டொக்டர்மார், அவசரமும் போட்டியும் எரிச்சலும் உள்ளவர்களை 'ஏ வகை' என்று பிரித்தார்கள். பிறகு வந்தவர்கள் தோண்டிப் பார்த்தபோது அவசரம் அவ்வளவு பெரிய குற்றவாளியாகத் தெரியவில்லை. அடுத்தவர்மேல் ஓயாமல் புகைகிற பகைமைதான் மிஞ்சியது. இந்த ஆய்வுகளுக்குச் சிகரெட் கம்பனிப் பணமும் போயிருக்கிறது; பழி குணத்தில் விழுந்தால் அவர்களுக்கு வசதிதானே. ஆகவே புகை, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள்.

சரி. என்னை உறுத்தியது வேறு. இவ்வளவு எழுதிய நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்தது நாலு சொல். 'அம்மா பாவம், வாயே திறப்பதில்லை.' அவ்வளவுதானா?

வெள்ளவத்தையில் எங்கள் வீடும் இப்படித்தான் இருந்தது. அப்பாவின் ஸ்கூட்டர் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டால் ரேடியோவை நிற்பாட்டிவிடுவோம். 'அது அவற்ற சுபாவம்' என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அந்தச் சுபாவம் கந்தோரில் பெரியவருக்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை. வீட்டுப் படி ஏறினால்தான் வரும். ஆளைப் பார்த்து வருவதற்கும் அடங்குவதற்கும் தெரிந்த ஒன்றைப் பிறவிக்குணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் அப்பா கடைக்கு வரும் மொத்த வியாபாரிக்கு முன்னால் எதையாவது எறிந்திருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள்.

ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா, கையை நிறுத்திவிட்டுத் தாடையைப் பிடித்தார். நெற்றி வியர்த்திருந்தது. 'வாயு' என்றார். உள்ளியும் மிளகும் இடித்துப் போட்டுக் குடித்தார். அன்று இரவும் அப்பாவுக்குப் புட்டு அவித்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மூன்றாம் நாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில வேளை அது இல்லாமலே, தாடை நோ, முதுகு நோ, களைப்பு, குமட்டல் என்றும் மாரடைப்பு வரும் என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் கோபம்தான் அம்மாவைக் கொண்டுபோனது என்று எழுத மாட்டேன், அம்மாவுக்கும் பிரஷர் இருந்தது. ஆனால் அந்தப் பிரஷரை அதுவரை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் பல்லாண்டுகளாக நடக்கும் இதய ஆய்வில் 2007இல் வந்த ஒரு முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கணவனோடு சச்சரவு வரும்போது வாயை மூடிக்கொண்ட பெண்களுக்கு, அப்படி மூடாத பெண்களைவிட, 10 ஆண்டுக் காலத்தில் இறக்கும் அபாயம் 4 மடங்காக இருந்தது. வாயை மூடிய ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை.

நீங்கள் வளர்ந்த பிள்ளை. தட்டு பறக்கும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அப்பாவின் கிளினிக் நாளில் அம்மாவையும் கூட்டிப்போய் பிரஷர் பாருங்கள், ஈசீஜி எடுங்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லுவார். என் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.