தெருவையும் சேர்த்து விற்றுவிட்டுத் திரும்பக் கேட்டால்?

கேள்வி: சீனாவில் நகர நிலமெல்லாம் அரசாங்கத்துடையது. அப்படியிருக்க, 2016-இல் மதில் சூழ்ந்த குடியிருப்புகளின் உள்சாலைகளைப் பொதுமக்களுக்குத் திறக்கச் சொன்னதும் அங்கே ஏன் அவ்வளவு கூச்சல்? வெறும் சுயநலம்தானே? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நிலம் அரசுடையது, சரி. அதன் பயன்பாட்டு உரிமையை 70 ஆண்டுகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு விற்றது யார்? அதே அரசுதான். பில்டர் அங்கே கொடுத்த பணத்தை வீட்டு விலையில் ஏற்றுகிறார், கடைசியில் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஃபிளாட் வாங்குகிறவர் தலையில்தான் உள்சாலைக்கும் புல்வெளிக்குமான காசும் சேர்ந்து விழுகிறது. 2007-ஆம் ஆண்டு சொத்துரிமைச் சட்டத்தின் 73-ஆவது பிரிவும் இதைத்தான் சொன்னது: வளாகத்துக்குள் இருக்கும் சாலை, நகரப் பொதுச் சாலையாக இல்லாதபட்சத்தில், வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கூட்டுச் சொத்து. பொதுநலனுக்காக எடுப்பதென்றால் இழப்பீடு தர வேண்டும் என்று 42-ஆவது பிரிவு இருந்தது.

கம்யூனிஸ்ட் கட்சியும் அமைச்சரவையும் சேர்ந்து பிப்ரவரி 2016-இல் வெளியிட்ட ஆவணம் என்ன சொன்னது? இனி கொள்கையளவில் மூடிய குடியிருப்புகள் கட்டக்கூடாது, ஏற்கெனவே இருப்பதைப் படிப்படியாகத் திறக்க வேண்டும். அந்தப் பத்தியில் இழப்பீடு பற்றி ஒரு சொல் கிடையாது. அப்புறம் உச்ச நீதிமன்றத் தரப்பிலேயே, இது கொள்கைதான், சட்டமாக வந்தால்தான் செல்லும் என்கிற மாதிரி விளக்கம் கொடுத்தார்கள். வீட்டுவசதி அமைச்சகமும், எல்லா மதிலையும் ஒரேயடியாக இடிக்கப் போவதில்லை என்று அவசரமாகச் சமாதானம் சொன்னது.

நோக்கம் தப்பில்லை. நகரத்தைப் பெரிய பெரிய கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் சுவர் வைத்து மூடினால் குறுக்குத் தெரு எங்கிருந்து வரும்? எல்லா வண்டியும் அகலமான நாலைந்து சாலைகளில்தான் போய் முட்டும், நடந்து போகிறவர் எதிர்ப்பக்கக் கடைக்குப் போக வளாகத்தையே சுற்றியாக வேண்டும். அதனால்தான் 2020-க்குள் சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் சாலை என்று இலக்கு வைத்தார்கள். ஆனால் அப்படிப் பெரிய பெரிய மனைகளாக விற்றது நகர நிர்வாகம், குடியிருப்பவர் அல்ல. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் லாரி வரும், அந்தச் சாலைக்கு மெயின்டனன்ஸ் மட்டும் நான் கட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் அதைச் சுயநலம் என்று தள்ள என்னால் முடியாது.

அந்த ஆவணத்தில், குடியிருப்புகளைத் திறக்கச் சொன்ன அதே வாக்கியத்தில் அரசு அலுவலக, நிறுவன வளாகங்களையும் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். சரி, தலைவர்கள் இருக்கும் பெய்ஜிங் வளாகமான ஜோங்நான்ஹாயிலிருந்து ஆரம்பிக்கலாமே!

2020-இல் கொரோனா வந்ததும் என்ன நடந்தது? திறக்கச் சொன்ன அதே கேட்டுகளை வைத்துத்தான் ஊரையே அடைத்தார்கள், பல இடங்களில் ஒரே ஒரு வாசல் மட்டும் விட்டு. 2021-இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பிலும் பழைய 73-ஆவது பிரிவு, 274 என்ற எண்ணில், அப்படியே இருக்கிறது. புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் மதில் வேண்டாம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை; வாங்குகிறவருக்கு அது முன்கூட்டியே தெரியும், விலை பேசும்போதே பேசிக்கொள்ளலாம்.